ஒரே குடும்பம், இரண்டு மருந்துச் சீட்டுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பாலக்கோட்டுக்கு அருகே தக்காளி விவசாயம் செய்கிறேன். தங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். ஒரு குடும்ப விஷயம் என்பதால் என் பெயரைத் தவிர்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என் மகன் தனியார் ஆங்கிலவழிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். ஜூலைக் கடைசியில்தான் ஆறு வயது நிறைந்தது. ஓரிடத்தில் உட்காருவதில்லை, பக்கத்துப் பிள்ளையைச் சீண்டுகிறான், எழுத்து வேலையை முடிப்பதில்லை என்று பள்ளியில் அழைத்துச் சொன்னார்கள். டாக்டரிடம் காட்டி மாத்திரை கொடுங்கள், இல்லாவிட்டால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். வெளியூரில் ஒரு தனியார் மருத்துவரிடம் காட்டினோம். பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு) என்று எழுதி, இரண்டு மாதத்துக்கு மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை கொடுத்தார். நான் இன்னும் கொடுக்கவில்லை. செல்போனைக் கையில் கொடுத்தால் இரண்டு மணி நேரம் அசையாமல் இருக்கும் பிள்ளைக்குக் கவனம் இல்லை என்று எப்படிச் சொல்கிறார்கள்? நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்தது என் அக்காள் மகள். பதினாறு வயது; விடுதிப் பள்ளியில் பிளஸ் ஒன். காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு சாப்பாடு குறைந்தது, யாரிடமும் பேசுவதில்லை. இருந்து என்ன பயன் என்று ஒருநாள் அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அரசு மருத்துவமனையில் மனச்சோர்வு என்று சொல்லி ஃப்ளூவாக்சடின் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் அக்காள் நிறுத்திவிட்டார். பழக்கமாகிவிடும், மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தால் வரன் தட்டிப்போகும் என்கிறார். இப்போதே வரன் பார்க்கிறார்கள். கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர்கள் எண்ணம்.

இந்த மாத்திரைகள் பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தூண்டும் என்றும், அமெரிக்காவில் ஒரு தலைமுறையையே கெடுத்துவிட்டன என்றும் ஒரு வீடியோவில் கேட்டேன். நம் காலத்தில் இந்த நோய்ப் பெயர்கள் ஏது? எல்லாமே மருந்துக் கம்பெனிகளின் வியாபாரம்தானா?

(ஒரு வாசகர், பாலக்கோடு வட்டம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். கேள்வியை மட்டும் ஒன்றாக்கிவிட்டீர்கள். நான் மருத்துவன் அல்லன், இந்தத் துறையை வெளியிலிருந்து வாசிக்கிறவன். ஆயினும் இருவருக்கும் ஒரே பதில் பொருந்தாது என்று சொல்ல அந்த வாசிப்பே போதும். பெண்ணின் காரியம் அவசரமானது, ஆகவே அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

வீடியோவில் நீங்கள் கேட்டது முழுப் பொய் அன்று. 2004 அக்டோபரில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், மனச்சோர்வு மருந்துகளோடு தரப்படும் குறிப்பில் கறுப்புக் கட்டமிட்ட ஓர் எச்சரிக்கையைச் சேர்க்கும்படி ஆணையிட்டது. 24 ஆய்வுகளில் பங்கேற்ற சுமார் 4,400 பிள்ளைகளின் விவரங்களை ஒன்றாகத் தொகுத்தபோது, மருந்து உண்டவர்களில் நூற்றுக்கு நால்வரிடமும், மருந்தில்லாத வெற்று மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு இருவரிடமும் தற்கொலை எண்ணமோ முயற்சியோ தென்பட்டது. அந்த ஆய்வுகளில் ஒருவர்கூடத் தற்கொலையால் இறக்கவில்லை என்பதையும் அதே அறிக்கை சொல்லியது. வீடியோக்காரர்கள் இந்த வரியை வழக்கமாக விட்டுவிடுகிறார்கள். மருந்தைக் கொடுக்காதே என்று எச்சரிக்கை சொல்லவில்லை. தொடங்கிய முதல் சில மாதங்களிலும், அளவை மாற்றும்போதும் பிள்ளையை நெருங்கிக் கவனி என்பதே அதன் சாரம்.

அதே 2004-இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வு, 12 முதல் 17 வயதுவரையுள்ள 439 பேரைப் பன்னிரண்டு வாரம் தொடர்ந்து கவனித்தது. ஃப்ளூவாக்சடினோடு சிந்தனையையும் நடத்தையையும் சீராக்கும் உரையாடல் சிகிச்சையும் பெற்றவர்களில் 71 விழுக்காட்டினர் தேறினார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் 61, உரையாடல் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 43, வெற்று மாத்திரை பெற்றவர்களில் 35 விழுக்காட்டினர் தேறினார்கள். வெற்று மாத்திரைக்கே நூற்றுக்கு 35 பேர் தேறியதை மறைக்க வேண்டியதில்லை. ஒருவர் தவறாமல் அழைத்து உட்கார வைத்து, எப்படி இருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டே இருப்பதற்கும் ஒரு பலன் உண்டு என்றுதான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

இவ்வகை மருந்து முழுப் பலன் தர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். உங்கள் அக்காள் மூன்றாவது வாரத்தில் நிறுத்தியிருக்கிறார். அதாவது, பலன் தெரியத் தொடங்கும் நேரத்தில் அந்தப் பெண்ணிடமிருந்து மருந்து பறிக்கப்பட்டுவிட்டது. பழக்கமாகிவிடும் என்ற அச்சத்துக்கும் ஆதாரம் இல்லை. சாராயத்தையும் புகையிலையையும் போல மேலும் மேலும் கேட்கச் செய்யும் தன்மை இதற்குக் கிடையாது. தானாக நிறுத்தாமல் மருத்துவர் சொல்லும் முறையில் குறைத்து நிறுத்த வேண்டும், அவ்வளவே. குணமான பிறகு ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை தொடர்ந்து கொடுத்துவிட்டு மெல்ல நிறுத்துவது பொதுவான வழக்கம். அவளுக்குப் பதினெட்டு வயது நிறைவதற்குள் மாத்திரை முடிந்துவிடவே வாய்ப்பு அதிகம் என்பதை அக்காளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

பதினாறு வயதில் கல்யாணம் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும், சாப்பிடவும் பேசவும் பிடிக்காமல் இருக்கும் ஒரு பெண்ணைப் புதிய வீட்டில், புதிய மனிதர்கள் நடுவில் கொண்டுபோய் நிறுத்துவது எந்த நோய்க்கு மருந்தாகும்? நம் பக்கத்தில் இந்த முடிவு அடிக்கடி எடுக்கப்படுகிறது. அது மருத்துவச் செலவைவிட மலிவாகத் தெரிவதும் ஒரு காரணம் என்று நான் சந்தேகிக்கிறேன். நீங்கள் தாய்மாமன். சீர் வரிசையோடு வந்து நிற்க வேண்டியவர் நீங்கள், ஆகவே இப்போது வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு. குலதெய்வத்துக்கு வேண்டிக்கொள்ளட்டும், தாயத்தும் கட்டட்டும். மாத்திரையை நிறுத்தாதவரை அதில் எனக்குச் சண்டை இல்லை.

இந்த வாரமே அவளை அதே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மூன்று வாரத்தில் நிறுத்தியதை ஒளிக்காமல் சொல்லுங்கள். மீதமிருக்கும் மாத்திரையை நீங்களாகவே மறுபடி தொடங்க வேண்டாம். இருந்து என்ன பயன் என்று சொன்னதையும் அவள் சொன்ன சொல்லிலேயே சொல்லுங்கள். அவளிடமும் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்தைப் பூட்டிவைத்து, சாவியைப் பெரியவர் ஒருவர் வைத்திருக்க வேண்டும். மாத்திரை அட்டையும் அவரிடமே இருக்கட்டும். இரவில் மனம் கலங்கினால் 14416 என்ற எண்ணில் அரசின் மனநலத் தொலைபேசி உதவி எந்நேரமும் தமிழில் கிடைக்கும்.

இனி அமெரிக்கா பற்றி. அங்கே மிகை நடந்தது என்பது உண்மைதான், அதை அந்நாட்டு ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். மிகுந்த எழுச்சியும் மிகுந்த சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய் என்ற பெயரோடு மருத்துவரைச் சந்தித்த இருபது வயதுக்குட்பட்டவர்களின் வருகைகள், 1994–95-க்கும் 2002–03-க்கும் இடையில் சுமார் நாற்பது மடங்கு பெருகின. ஒரு நோய் எட்டு ஆண்டுகளில் நாற்பது மடங்கு பெருகாது. பெயர் சூட்டும் பழக்கம்தான் பெருகும். அடிக்கடி வெடிக்கும் கோபம் கொண்ட பிள்ளைகளுக்கெல்லாம் அந்தப் பெயர் போய் ஒட்டிக்கொள்வதைத் தடுப்பதற்காகவே, 2013-இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் வேறொரு பிரிவைச் சேர்த்தார்கள். மருந்துக் கம்பெனிகளின் விளம்பரத்துக்கு இந்தக் கதையில் பங்கு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அவர்களுடைய மிகையைக் காட்டி நம்முடைய குறையை மூட முடியாது. 2015–16-இல் பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாக மதிப்பிட்டது. மனநல மருத்துவர்களோ இந்த நாட்டில் லட்சம் பேருக்கு ஒருவர்கூட இல்லை. நம் காலத்தில் இந்தப் பெயர்கள் ஏது என்று கேட்கிறீர்கள். பெயர்கள் இல்லை, பிள்ளைகள் இருந்தார்கள். வாலு என்றும் மக்கு என்றும் அடிபட்டு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவன், ஆடு மேய்க்கவோ பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்கோ அனுப்பப்பட்டவன், பேய் பிடித்தது என்று வேப்பிலை அடிபட்ட பெண், ஒருநாள் கிணற்றில் கிடந்து, வயிற்றுவலி தாங்காமல் என்று எழுதி முடிக்கப்பட்டவள், இவர்களெல்லாம் நம்மோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள்தாம்.

உங்கள் மகனுக்கு வருகிறேன். இங்கே உங்கள் சந்தேகம் நியாயமானது. நீங்கள் காட்டும் சான்றுதான் சரியில்லை. செல்போனில் இரண்டு மணி நேரம் உட்காருவதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. நொடிக்கு நொடி மாறும் படமும் உடனுக்குடன் கிடைக்கும் வெற்றியும் எந்தப் பிள்ளையையும் பிடித்து வைக்கும், உண்மையிலேயே இந்தக் கோளாறு உள்ள பிள்ளையையும்தான். சலிப்பூட்டும் வேலையில் மனத்தை நிறுத்த முடிகிறதா என்பதே அங்கே கேள்வி.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன இரண்டு செய்திகள் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகின்றன. ஒன்று, ஜூலைக் கடைசியில் பிறந்தவன் என்பது. நம் பள்ளிகளில் ஜூலை 31-ஐ வைத்து வயதைக் கணக்கிடுவதால், அவன் தன் வகுப்பிலேயே ஆக இளையவர்களில் ஒருவன். பக்கத்தில் இருப்பவன் அவனைவிட ஏறத்தாழ ஒரு வயது மூத்தவனாக இருக்கக்கூடும். அமெரிக்காவில் செப்டம்பர் 1-ஐ எல்லைத் தேதியாகக் கொண்ட மாநிலங்களில் இதை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். வகுப்பில் ஆக இளையவர்களான ஆகஸ்டில் பிறந்தவர்களுக்கு, ஆக மூத்தவர்களான செப்டம்பரில் பிறந்தவர்களைவிட 34 விழுக்காடு அதிகமாக இந்த நோய்ப் பெயர் சூட்டப்பட்டிருந்தது. ஆறு வயதில் ஓராண்டு என்பது வாழ்நாளில் ஆறில் ஒரு பங்கு. மற்றது, மொழி. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம் என்று மூன்றுக்கும் நடுவில் நிற்கிற பிள்ளை, ஆசிரியர் சொல்வது புரியாமல் பக்கத்துப் பிள்ளையைச் சீண்டினால், அதற்கு முதல் மருந்து மாத்திரையாக இருக்க வேண்டியதில்லை.

இதனால் அவனுக்கு ஏ.டி.எச்.டி. இல்லை என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருக்கலாம். இதற்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது, விசாரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மேலே சொன்ன அமெரிக்க நோய்க் கையேட்டின்படி, அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும்; பள்ளியில் மட்டுமன்றி இன்னோர் இடத்திலும் காணப்பட வேண்டும்; வயதுக்குப் பொருந்தாத அளவில் இருந்து பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுக்க வேண்டும். காது கேட்கிறதா, கண் தெரிகிறதா, ரத்தசோகை இருக்கிறதா, இரவில் குறட்டையால் தூக்கம் கெடுகிறதா, சில நொடிகள் வெறித்துப் பார்க்கும் வகை வலிப்பு உண்டா, எழுத்தைக் கூட்டிப் படிப்பதில் தனியே ஒரு குறைபாடு இருக்கிறதா என்பவற்றையும் பார்க்க வேண்டும். பத்து நிமிடத்தில் இவற்றில் எது ஆகும்?

மருந்தைப் பற்றி ஓர் ஆய்வு என் மனத்தில் நிற்கிறது. 1999-இல் அமெரிக்காவில் 579 பிள்ளைகளைப் பதினான்கு மாதம் கவனித்து முடிவுகளை வெளியிட்டார்கள். நன்கு கண்காணித்து மருந்து கொடுக்கப்பட்ட பிள்ளைகள், நடத்தைப் பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிடத் தெளிவாகத் தேறினார்கள். மருந்தின் வெற்றி என்று இதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்த ஆய்வில் இன்னொரு குழுவும் இருந்தது: ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் சிகிச்சையைப் பெற்றவர்கள். அவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் இதே வகை மருந்தை உண்டவர்கள்தாம், ஆனால் அவர்கள் அந்த அளவுக்குத் தேறவில்லை. ஆய்வுக் குழுவில் மாதம் ஒரு சந்திப்பு இருந்தது, ஆசிரியரிடம் விசாரிப்பு இருந்தது, அளவைக் கூட்டிக் குறைத்துச் சரிப்படுத்தும் பொறுமை இருந்தது. மற்ற குழுவில் அவை குறைவு. மூன்றாம் ஆண்டில் பார்த்தபோது குழுக்களுக்கு இடையே முதலில் இருந்த வேறுபாடும் மறைந்துவிட்டிருந்தது. இரண்டு மாத மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பிய அந்த மருத்துவரிடம் எனக்குள்ள குறை இதுதான். மெத்தில்ஃபெனிடேட் பசியையும் தூக்கத்தையும் குறைக்கும், வளர்த்தியைச் சற்றே மட்டுப்படுத்தலாம். ஆகவே தொடங்கும்முன் எடை, உயரம், ரத்த அழுத்தம் குறித்துக்கொண்டு, பின்னர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மருந்து நல்லதாகவே இருந்தாலும் பார்ப்பதற்கு ஆள் வேண்டும்.

டி.சி. மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவின்படி, தொடக்கக் கல்வியான எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்க முடியாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளைத் தவிர, மற்றத் தனியார் பள்ளிகளுக்கும் அது பொருந்தும். ஆயினும் பள்ளியைப் பகைத்துக்கொள்ளாதீர்கள், வகுப்பாசிரியரின் குறிப்பு உங்களுக்குத் தேவைப்படும். எந்தப் பாடவேளையில், எந்த வேலையின்போது, எவ்வளவு நேரம் கழித்து அவன் எழுகிறான் என்று இரண்டு வாரம் எழுதித் தரும்படி கேளுங்கள். முதல் வரிசையில் உட்கார வைப்பதும், வேலையைச் சிறு சிறு துண்டுகளாகக் கொடுப்பதும், நடுவில் கரும்பலகையைத் துடைக்க எழுப்பிவிடுவதும் செலவில்லாத காரியங்கள்; அந்த இரண்டு வாரத்திலேயே அவற்றைச் செய்து பார்க்கலாம். வீட்டிலும் நீங்கள் அதேபோலக் குறியுங்கள், செல்போன் நேரத்தையும் சேர்த்து.

அந்தக் குறிப்புகளோடு தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கண்டறிவதற்கான மாவட்ட மையம் எங்கே இயங்குகிறது என்று அங்கே விசாரியுங்கள், மனநலப் பிரிவிலும் காட்டுங்கள். அதற்குமேல் தேவைப்பட்டால் நிம்ஹான்ஸில் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனித் துறையே இருக்கிறது; பாலக்கோட்டிலிருந்தே ஓசூர் வழியாகப் பெங்களூருக்கு ரயில் போகிறது. இப்படியெல்லாம் பார்த்த பிறகும் ஒரு மருத்துவர் மாத்திரை வேண்டும் என்று சொன்னால், பிள்ளைக்குத் துரோகம் செய்வதாக எண்ணாமல் கொடுங்கள். அடுத்து எப்போது வர வேண்டும், பள்ளி இல்லாத நாளிலும் கொடுக்க வேண்டுமா, எத்தனை மாதம் கழித்து நிறுத்திப் பார்ப்பீர்கள் என்ற மூன்றையும் அன்றைக்கே கேட்டு, சீட்டின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.