ஆற்றைக் கடந்த பிறகு பழைய ஜீப்பின் டிஃபரன்ஷியல் (சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் கியர் தொகுதி) ஆயில் பால் போல வெளுத்துவிட்டது. ஆயில் சீலை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றினால் போதுமா?

போதாது. முதலில் ஆக்ஸில் ஹவுசிங்கின் (டிஃபரன்ஷியலும் அச்சும் இருக்கும் கூடு) மேலே இருக்கும் பிரீதரை, அதாவது உள்ளே காற்று போய்வர விடும் சிறு மூச்சுவழியைப் பாருங்கள். ஓடிச் சூடான ஆக்ஸில் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். பிரீதர் சேற்றால் அடைத்திருந்தால், அந்த இழுப்பு சீலின் விளிம்பு வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். சீல் புதிதாக இருந்தாலும் இதே கதைதான்.

ஆயிலை வடிக்கும் முன் நிரப்பும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். அது துருவேறி அசையாவிட்டால், எல்லாம் வடிந்த பிறகு ஊற்ற வழியில்லாமல் நிற்பீர்கள். வண்டி அன்றைக்கு நகராது. பிளக் கழல்கிறது என்று தெரிந்ததும் அதை மீண்டும் மாட்டி, சிறிது தூரம் ஓட்டி, சூடாக இருக்கும்போதே வடியுங்கள். வடிகால் பிளக்கில் காந்தம் இருந்தால், அதில் ஒட்டியதை விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவு போன்ற சாம்பல் நிறப் பசை வழக்கமான தேய்மானம். நெருடும் சில்லுகள் வந்தால் டிஃபரன்ஷியல் கவரைத் திறந்தே ஆக வேண்டும்.

பெரும்பாலான பழைய ஆக்ஸில்களுக்கு ஜிஎல்-5 தர (கியர் ஆயிலின் தர வகை), 80டபிள்யூ-90 (கெட்டித்தன்மை அளவு) ஆயில் சரி. ஆனாலும் கையேட்டைப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, நிரப்பும் துளையின் கீழ் விளிம்பில் கசியும்வரை ஊற்றுங்கள். (மிச்சத்தை கியர்பாக்ஸில் ஊற்றிவிடாதீர்கள். பித்தளை சின்க்ரோ வளையம் (கியர் மாறும்போது வேகத்தை ஒத்திசைப்பது) உள்ளவை பல ஜிஎல்-4 கேட்பவை.) உள்ளே ஒட்டிய ஈரம் முதல் தடவையில் முழுக்கப் போகாது, 200, 300 கிலோமீட்டரில் இன்னொரு முறை மாற்றுங்கள்.

பிரீதருக்கு ஆயில் தாங்கும் ரப்பர் குழாய் மாட்டி, பானட்டுக்கு அடியில் உயரமாகக் கொண்டுபோய்க் கட்டுங்கள். சஸ்பென்ஷன் முழுதாக இறங்கும்போது இழுபடாத அளவு தளர்வு விடுங்கள்.