உன் கையில இருக்கறதும் தாலந்துதான் கண்ணு

அக்காவுக்கு ஸ்தோத்திரங்க,

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கேன். என் தம்பிக்கு பொறந்ததுல இருந்தே காது கேக்காதுங்க, அவங்கூடவே வளந்ததால சைகை பாஷை எனக்குத் தானா வந்துருச்சு, மிச்சம் அவன் ஸ்கூல் பிரண்ட்ஸ்கிட்ட கத்துக்கிட்டேன். இப்ப எங்க சபைக்கு காது கேக்காதவங்க நாலு பேரு வர்றாங்க, எல்லாரும் டைலருங்க. பிரசங்கம் முடியற வரைக்கும் சும்மா சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. ஆயர் என்னக் கூப்பிட்டு, நீ முன்னாடி நின்னு சைகைல சொல்லும்மான்னு கேட்டாரு. அன்னிக்கிருந்து எனக்குத் தூக்கமே இல்லீங்க அக்கா. எல்லாரும் என்னையே பாப்பாங்க. வசனத்தத் தப்பா சொல்லிட்டா பாவமில்லையா? கிருபைன்னு சொல்றதுக்கு எனக்குத் தெரிஞ்ச சைகையே இல்லீங்க. சபை முன்னாடி நின்னு கைய ஆட்டிட்டு இருப்பியான்னு மாமியாரும் சொல்றாங்க. பாட்டு, பிரசங்கம்னா தாலந்துன்னு சொல்லலாம், இதெல்லாம் ஒரு தாலந்தா? ஆண்டவர் நெசமாவே கூப்பிட்டிருந்தா இவ்வளவு பயம் வருமா?

பேரு போடாதீங்க அக்கா.

கண்ணு,

உன் லெட்டர நாலஞ்சு தடவ படிச்சுட்டேன். பேரு போடல, வெசனப்படாத.

மொதல்ல இந்தத் தாலந்துங்கற வார்த்தையப் பாப்போம், ஏன்னா நம்ம சபைகள்ல தாலந்துன்னாலே பாட்டுப்போட்டி, வசனப்போட்டின்னு ஆகிப்போச்சு. மத்தேயு 25ல இயேசு ஒரு கதை சொல்றாரு. ஊருக்குப் போற எசமான் மூணு வேலைக்காரங்ககிட்ட அஞ்சு, ரெண்டு, ஒண்ணுன்னு தாலந்து குடுக்கறாரு, மொத ரெண்டு பேரு அத ரெண்டு மடங்காக்கறாங்க, மூணாவது ஆளு மண்ணுல பொதைச்சு வெக்கறான். அதுல வர்ற தாலந்து ஒரு எடை, வெள்ளிய நிறுத்துக் குடுக்கற எடை. ஒரு தாலந்துன்னா சுமாரா 6000 தெனாரியம்னு சொல்லுவாங்க, ஒரு தெனாரியம் அந்தக் காலத்துல ஒரு ஆளோட ஒரு நாள் கூலி. நம்மூரு கணக்குல சொன்னா 6000 ஷிப்ட்டு. வருசத்துக்கு 300 ஷிப்ட்டுன்னு வெச்சாலும் இருவது வருசச் சம்பளம், அத மொத்தமா ஒருத்தன் கையில குடுத்துட்டு எசமான் ஊருக்குப் போறாரு. எனக்கு ஒண்ணே ஒண்ணுதானே குடுத்தாருன்னு அந்த மூணாவது ஆளு நெனச்சிருக்கலாம், ஆனா அந்த ஒண்ணே அவ்வளவு பெருசு. நீ இதெல்லாம் ஒரு தாலந்தான்னு கேக்கற. சின்ன வயசுல இருந்து தம்பி மூஞ்சியப் பாத்துப் பாத்து, அவன் என்ன சொல்ல வர்றான்னு வெளங்காம அழுது, வெளங்குனப்ப சிரிச்சு, அப்படிச் சேத்து வெச்சது உன் சைகை. காசு குடுத்து எந்தக் கோர்ஸ்லயும் இது கெடைக்காது.

அடுத்தது பயம். அந்த மூணாவது ஆளு ஏன் பொதைச்சான்? சோம்பேறின்னு எசமான் கடைசில சொல்றாரு, சரிதான், ஆனா அவனே சொல்ற காரணம் வேற, நான் பயந்துபோயி பொதைச்சு வெச்சேங்கறான். எதுக்குப் பயம்னா, நீர் கடினமுள்ள மனுஷன்னு எனக்குத் தெரியும்கறான். இத எத்தனையோ வருசம் கவனிக்காமலே படிச்சிருக்கேன். அவனுக்கு வேலை தெரியாதுங்கறது பிரச்சனையே இல்ல, அவனவன் திறமைக்குத் தக்கபடிதான் குடுத்தாருன்னு அதே அதிகாரத்துல இருக்கு. எசமானப் பத்தி அவன் மனசுல வெச்சிருந்த படம்தான் தப்பு. ஒரு தப்பு நடந்தா போதும், புடிச்சுத் தண்டிக்கறதுக்குன்னே காத்திருக்கறவருன்னு நெனச்சுட்டான். நீ ஒரு சைகைய மாத்திப் போட்டுட்டா பாவமான்னு கேக்கறப்ப எனக்கு அவன் ஞாபகம்தான் வந்துச்சு கண்ணு, கோவிச்சுக்காத. சிலுவைல நமக்காகத் தொங்குனவரு அப்படிக் கணக்குப் பாக்கறவரா? அஞ்சு தாலந்துக்காரனுக்கும் ரெண்டு தாலந்துக்காரனுக்கும் ஒரே வார்த்தையத்தான் சொல்லிப் பாராட்டறாரு, 21ம் வசனத்தையும் 23ம் வசனத்தையும் பக்கத்துல வெச்சுப் படிச்சுப் பாரு.

கூப்பிட்டிருந்தா பயம் வருமான்னா, வரும். மோசே எனக்குப் பேச வராதுன்னு சொல்லி, வேற யாரையாச்சும் அனுப்புங்கன்ற வரைக்கும் போனாரு. பேச வராதுன்னதுக்குக் கர்த்தர் சொன்ன பதில்ல, வாயை உண்டாக்கினவர் யாரு, செவிடனை உண்டாக்கினவர் யாருன்னு கேக்கறாரு, யாத்திராகமம் 4:11. கூப்பிடறப்பவே காது கேக்காதவங்களையும் நெனச்சுத்தான் கூப்பிடறாரு பாரு. அதுக்கப்புறமும் மோசே தயங்குனதுக்குக் கர்த்தருக்குக் கோவம் வந்துச்சு, ஆனாலும் தொணைக்கு ஆரோனையும் சேத்து அனுப்பி வெச்சாரு.

சைகைய நம்ம வேதம் ஒதுக்கல. யோவான் ஸ்நானகனோட அப்பா சகரியா பேச முடியாம இருந்தப்ப, பையனுக்கு என்ன பேரு வெக்கலாம்னு சைகையினால கேட்டாங்கன்னு லூக்கா 1:62ல அந்த வார்த்தையே இருக்கு. மாற்கு 7ல காது கேக்காத ஒருத்தர இயேசு கூட்டத்த விட்டுத் தனியாக் கூட்டிட்டுப் போயி, காதுல விரல வெச்சு, நாக்கத் தொட்டு, வானத்த அண்ணாந்து பாக்கறாரு. அந்த மனுசனுக்கு வார்த்தை கேக்காது, ஆனா தனக்கு என்ன நடக்கப் போகுதுன்னு கண்ணால பாத்துப் புரிஞ்சிருக்கும். அதுக்கப்புறந்தான் எப்பத்தா, அதாவது திறக்கப்படுங்கறாரு. எனக்கு அந்த எடம் ரொம்பப் புடிக்கும், அவரு மொதல்ல அவன் பாஷைல பேசிட்டாருன்னே தோணும்.

என் கதை ஒண்ணு சொல்றேன். கோபி பக்கம் எங்க சபைல, எனக்குப் பதினேழு வயசு இருக்கறப்ப, பாடம் வாசிக்கச் சொன்னாங்க. மூணு வாரம் காய்ச்சல்னு பொய் சொன்னேன். நாலாவது வாரம் வாசல்ல ஒரு அப்பத்தா என் கையப் புடிச்சுட்டு, "கண்ணு, எனக்குப் படிக்கத் தெரியாது, நீ படிச்சாத்தான் எனக்கு இந்த வாரம் வசனம்"னு சொல்லுச்சு. அன்னிக்கு வாசிச்சேன். பைபிள் ஆடுச்சு, வார்த்தை ரெண்டு எடத்துல தடுமாறுச்சு. ஆனா வேற யாரையும் பாக்கல, அந்த அப்பத்தா மூஞ்சிய மட்டும் பாத்தேன். பயம் அன்னிக்குப் போகல, இன்னிக்கும் மைக்கப் புடிச்சா லேசா வரத்தான் செய்யுது, ஆனா அந்த மூஞ்சியப் பாக்க ஆரம்பிச்சதும் நான் எப்படித் தெரியறேங்கற நெனப்பு மறந்துபோச்சு.

இப்ப வேலைக்கு வர்றேன். ஆயர்கிட்ட சனிக்கெழமையே வசனமும் பிரசங்கக் குறிப்பும் வாங்கிக்க. அந்த நாலு பேரோட அன்னிக்குப் பொழுதோட அரை மணி நேரம் உக்காரு. உங்க வீட்டுச் சைகையும் அவங்க சைகையும் எல்லாம் ஒண்ணா இருக்காது, எதுக்கு எது போடறோம்னு அவங்களையே கேளு, அது அவங்க பாஷை. டெல்லில 2015ல இந்திய சைகை மொழிக்குன்னே ஒரு ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சாங்க, அவங்க அகராதில 10,000 சொல்லுக்கு மேல இருக்கு, அதையும் பாரு. தமிழ் வாக்கியத்த வார்த்தைக்கு வார்த்தை கைல போடாத, அது உனக்கே தெரியும், அர்த்தத்தச் சொல்லு, மூஞ்சி பாவமும் அதுல பாதி. ஜன்னலுக்கு முன்னாடி நிக்காத, பின்னாடி வெளிச்சமிருந்தா உன் மூஞ்சி இருட்டாத் தெரியும். பூப்போட்ட சேலை வேண்டாம், கை தெளிவாத் தெரியற மாதிரி ஒரே கலர்ல கட்டு. முக்கால் மணி நேரப் பிரசங்கத்த ஒரே ஆளு பண்ணுனா கையும் மூளையும் ஓஞ்சு போகும், இதையே தொழிலாச் செய்யறவங்க இருவது நிமிசம், அரை மணிக்கு ஒருக்கா ஆள் மாத்திக்குவாங்க. அதனால மொதல் மாசம் வேதபாடமும் ஒரு பாட்டும் மட்டும் போதும்னு ஆயர்கிட்டச் சொல்லு. உன் தம்பியையும் கூப்பிடு. பொறவு அந்த நாலு பேர்ல ஒருத்தரே எந்திரிச்சு சாட்சி சொல்லட்டும், நீ அதத் தமிழ்ல சபைக்குச் சொல்லு. அவங்க வெறும் கேக்கறவங்களா மட்டும் இருக்கக் கூடாது.

மாமியார எதுத்துப் பேசாத. அவங்களுக்கு ஊரு நாயம்தான் பயம், அதுவும் பயம்தானே. ஒரு ஞாயித்துக்கெழமை அந்த நாலு பேரையும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டிட்டு வா, மாமியார் கையாலயே அரிசிம்பருப்பு சாதம் போடச் சொல்லு, நல்லா இருக்குன்னு அவங்க கைல சொல்றத நீ பக்கத்துல நின்னு எடுத்துச் சொல்லு. எதுக்கு நீ சபைல நிக்கறீன்னு அன்னிக்கு அவங்களுக்கே தெரியும்.

வர்ற ஞாயிறு காலைல ஒம்பது மணிக்கு உனக்காக ஜெபத்துல இருப்பேன். பொழுதோட எழுது. கிருபைக்கு அந்த நாலு பேரும் சேந்து என்ன சைகை வெச்சாங்கன்னு எனக்கும் சொல்லிக்குடு.

அன்போட,
அக்கா