ஸ்பானர் பிடிக்கும் கை

அம்மா, போன கிழமை ஆரையம்பதியிலிருந்து மகனைக் கூட்டிக்கொண்டு என்னிடம் ஆலோசனை கேட்க வந்தீர்கள். விமானப் பராமரிப்பு படிக்க விருப்பம் என்று அவன் சொன்னதும், “கணிதப் பிரிவில் படித்த பிள்ளை ஸ்பானர் பிடிக்கவா?” என்று கண் கலங்கினீர்கள். அவனை வைத்துக்கொண்டு பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

1990 ஜூன் 10 அன்று இங்கிலாந்தின் பேர்மிங்காமிலிருந்து ஸ்பெயினுக்குப் புறப்பட்ட ஒரு விமானத்தில், 17,000 அடிக்கு மேலே கப்டனுக்கு முன்னாலிருந்த கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. அவர் உடம்பில் பாதி வெளியே இழுபட்டுவிட்டது. பணியாளர்கள் அவருடைய கால்களை இறுகப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுத்ஹாம்ப்டனில் இறக்கினார். நல்ல காலம், கப்டன் பிழைத்துக்கொண்டார். என்ன நடந்தது தெரியுமா? பறப்பதற்கு முதல் நாள்தான் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். பூட்டிய 90 பொல்ட்டுகளில் 84 பொல்ட்டுகளின் விட்டம் 0.026 அங்குலம் குறைவு. ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. கையேட்டில் இலக்கத்தைப் பார்க்காமல், பழைய பொல்ட்டோடு கண்ணளவில் ஒப்பிட்டு எடுத்திருந்தார்கள்.

அப்படி நடக்காமல் நாளாந்தம் இத்தனை விமானங்கள் இறங்குகின்றனவே, அதற்குப் பின்னால் இந்தக் கைகள்தான் இருக்கின்றன. வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணுவார்கள். ஒரு ஸ்பானர் குறைந்தாலும் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் மற்றது. உரிமம் உள்ளவர் பதிவேட்டில் கையெழுத்து வைக்காமல், பழுது பார்த்த விமானத்தை எந்தக் கப்டனும் கிளப்ப முடியாது. நம் மட்டக்களப்பு விமான நிலையமான திமிலைதீவில் வந்து இறங்கும் சின்ன விமானத்துக்கும் இதே சட்டம்தான்.

சரி, படிப்புக்கு வருவோம். உரிமம் தருவது சிவில் விமான சேவைகள் அதிகாரசபை. அதில் பி1 என்ற பிரிவு எஞ்சினும் விமான உடலும், பி2 என்ற பிரிவு மின்னணுக் கருவிகள். வீட்டு ரேடியோவைக் கழற்றிப் பூட்டுகிறவன் என்றீர்களே, எனக்கென்னவோ அவனுக்கு பி2 பொருந்தும் என்றே படுகிறது. உரிமப் பரீட்சையில் நூற்றுக்கு 75 எடுத்தால்தான் சித்தி. உயர்தரத்தில் 35 எடுத்தாலே பாஸ் என்று பழகிய பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுவார்கள். கையேடெல்லாம் ஆங்கிலம், அதனால் ஆங்கில வகுப்பை இன்றைக்கே தொடங்கட்டும்.

விமான நிலையங்கள் உள்ள கட்டுநாயக்க, இரத்மலானைப் பக்கம் தங்கிப் படிக்க வேண்டிவரலாம், செலவு உண்டு. பணம் கட்டுமுன், அந்த நிறுவனத்துக்கு அதிகாரசபையின் அங்கீகாரம் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். நிறுவனம் தரும் டிப்ளோமா வேறு, அதிகாரசபை தரும் உரிமம் வேறு. இரவு வேலையும் வெயிலும் உண்டு என்பதையும் அவனிடம் சொல்லிவிடுங்கள்.

இனி நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. வீட்டில் எதையாவது உடைத்தால் மறைப்பானா, தானே வந்து சொல்வானா? இந்தத் தொழிலில் மதிப்பெண்ணைவிட நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன். அடுத்த முறை வரும்போது யோசித்துக்கொண்டு வாருங்கள்.