இயற்கை வாழையும் இன்சுலின் ஊசியும்

கேள்வி: உயிரித் தொழில்நுட்பம் இயற்கைக்கு விரோதமானது என்கிறார்கள். ரப்பர் முறித்த எங்கள் நிலத்தில் திசு வளர்ப்பு ஏத்தன் (நேந்திரன்) வாழைக்கன்று நடச் சொல்லி ஒருவர் வற்புறுத்துகிறார். இயற்கையான வாழையை விட்டுவிட்டு இதற்குப் போகலாமா? நன்மை தீமைகளை விளக்குங்கள். (வாசகர், திருவட்டாறு)

பதில்: இயற்கையான வாழையைத் தின்று பார்த்திருக்கிறீர்களா? காட்டு வாழைப் பழத்தில் சதையைவிடக் கறுத்த விதைகளே அதிகம். கடித்தால் பல்லுக்கு உத்தரவாதம் இல்லை. நம் தோட்டத்து ஏத்தனும் மட்டியும் செந்துளுவனும் விதை இழந்தவை. அந்த மலட்டுத்தன்மை பிடித்துப்போய், பல்லாயிரம் ஆண்டுகளாகக் கன்று பெயர்த்து நட்டு அவற்றைக் காப்பாற்றி வருபவன் மனிதன். நாகர்கோவில் அப்டா சந்தைக்கு வரும் மட்டிக்குலைகள் ஏறக்குறைய ஒரே வாழையின் நகல்கள். நீங்கள் முறித்த ரப்பரும் பெரும்பாலும் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்ற ஒட்டுரகமாகத்தான், அதாவது ஒரே தாய்மரத்தின் நகலாகத்தான் இருந்திருக்கும். நகல் மரத்தில் பால் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த நாள்களில் இயற்கை நம் யாருடைய நினைவுக்கும் வரவில்லை.

இயற்கை என்றதும் எனக்கு நம் மேடைப் பேச்சாளர்கள்தாம் நினைவுக்கு வருகிறார்கள். மரபணுவைத் தொடுவது பாவம் என்று ஒரு மணி நேரம் முழங்கிவிட்டு, விருந்துக்கு இலை போடும்போது ஓரமாகப் போய் வயிற்றில் இன்சுலின் குத்திக்கொண்டு வந்து அமர்பவர்கள் அவர்களில் உண்டு. மனித இன்சுலினுக்குரிய மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து உருவாக்கிய அந்த மருந்து 1982-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு முன் இன்சுலின் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. பழைய இயற்கை வழிக்கே திரும்புவோம் என்றால், பேச்சாளர்களில் ஒரு சாரார் மாட்டுக்காகவும் மறு சாரார் பன்றிக்காகவும் போர்க்கொடி தூக்க, கூட்டம் அமளியில் முடியும். இதை முன்பு ஒரு முறை எழுதியதற்கு வந்த வசவுக் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒன்றில்கூட இன்சுலினுக்குப் பதில் இல்லை.

உங்களுக்குச் சொல்லப்பட்ட திசு வளர்ப்பில் வேறு மரபணு எதையும் சேர்ப்பதில்லை. நல்ல தாய்வாழையின் குருத்து நுனியை எடுத்து, ஊட்டக் கலவை உள்ள கண்ணாடிக் குப்பியில் பல கன்றுகளாகப் பெருக்குகிறார்கள். முடிக்கொத்து நோயால் அழியும் நிலைக்குப் போன விருப்பாச்சி மலைவாழை, நச்சுயிரி (வைரஸ்) நீக்கிய திசு வளர்ப்புக் கன்றுகளால்தான் மீண்டு வந்தது. ஆனால் குப்பிக்கு நல்லது கெட்டது தெரியாது. தாய்க்கு நச்சுயிரிச் சோதனை செய்யாமல் பெருக்கினால், ஒரு வாழையில் நின்றிருக்க வேண்டிய நோய் ஆயிரம் கன்றுகளாக ஊர் ஊராகப் போகும். அளவுக்கு மீறிப் பெருக்கினால் இனம் மாறிய கன்றுகளும் கலந்துவிடும்.

மரபணு மாற்றத்தின் கதை வேறு. புழுவைக் கொல்லும் நஞ்சைத் தானே உருவாக்கும்படி ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்தது பி.டி. பருத்தி. 2002-இல் நம் நாட்டில் அனுமதி பெற்ற அது தொடக்கத்தில் காய்ப்புழுவை அடக்கியது. பின்னர் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நஞ்சைத் தாங்கப் பழகிக்கொண்டது. வீரிய ஒட்டு விதை என்பதால் ஆண்டுதோறும் கடைக்குப் போக வேண்டியதும் விவசாயிதான். பி.டி. கத்தரியை 2010-இல் மத்திய அரசு நிறுத்தி வைத்தது. ஒருகாலத்தில் உலகச் சந்தையை ஆண்ட குரோஸ் மிஷேல் வாழையைப் பனாமா வாடல் நோய் வீழ்த்தியது; அதன் இடத்துக்கு வந்த கேவண்டிஷையும் இப்போது அதே நோயின் புதிய வகை துரத்துகிறது. அதைத் தாங்கும் காட்டு வாழையின் மரபணுவைச் சேர்த்த கேவண்டிஷுக்கு ஆஸ்திரேலியா 2024-இல் அனுமதி வழங்கியது. ஆக, காட்டு வாழை அழிந்திருந்தால் ஆய்வகத்துக்கும் கதி இல்லை.

என் பழைய புலம்பலுக்கு வருகிறேன். கன்னியாகுமரி மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் வாழ்த்துப் பலகைகள் முளைத்தன. அந்தக் குறியீடு பெயரைக் காக்குமே ஒழிய வாழையைக் காக்காது. நாம் நடுவதை நிறுத்திவிட்டால் பெயர் மட்டும் மிஞ்சும். அகத்தியர் மலைக் காணிப் பழங்குடி மக்கள் 1987-இல் அடையாளம் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையிலிருந்து கேரள ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கி, உரிமத் தொகையில் பாதியை அவர்களுக்கு ஒதுக்கியது. நடைமுறையில் குறைகள் இருந்தாலும், அறிவைத் தந்தவருக்குப் பங்கு உண்டு என்ற கணக்காவது அங்கே போடப்பட்டது. எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும், கன்று யார் கையில், காசு யார் பையில் என்று கேட்பதை விட்டுவிட்டு நாம் இயற்கைக்காகக் கண்ணீர் விடுகிறோம்.

ஏத்தன் கன்றைத் தாராளமாக நடுங்கள். நச்சுயிரிச் சோதனை செய்து சான்று பெற்ற கன்றுதானா என்று பார்த்து வாங்குங்கள். நிலம் முழுவதும் அதையே நிரப்பாமல், ஒரு பக்கம் மட்டிக்கும் துளுவனுக்கும் இடம் விடுங்கள். கன்று விற்பவரிடம் ரசீது கேளுங்கள். தர மறுத்தால், அவர் எவ்வளவு வற்புறுத்தினாலும், பக்கத்துத் தோட்டத்துக் கன்றே போதும்.