தென்தீவில் மின்கார்: கேட்டவர்களுக்குப் பதில்

சிங்கப்பூரின் ஜூன் பள்ளி விடுமுறைக்கு நியூசிலாந்தின் தென்தீவில் மின்கார் வாடகைக்கு எடுப்பது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். கையில் வந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

பொங்கோலிலிருந்து: அண்ணே, முழு சார்ஜில் 400 கிலோமீட்டர் ஓடும் என்கிறது வாடகை நிறுவனம். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து டெக்காப்போ ஏரிக்கு ஏறக்குறைய 225தானே? ஒரே மூச்சில் போய்விடலாமா?

டிசம்பர் என்றால் போகலாம் தம்பி. ஜூன் அங்கே நடுக்குளிர். 60 யூனிட் (கிலோவாட்-மணி) பேட்டரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 விழுக்காட்டைக் கையிருப்பாக விட்டால் செலவழிக்க 51 யூனிட். ஹீட்டர், ஈரச்சாலை, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் எல்லாம் சேர்ந்தால் நூறு கிலோமீட்டருக்கு 22 யூனிட் இழுக்கும். ஆக 230 கிலோமீட்டரில் தீர்ந்தது. டெக்காப்போவோ கடல் மட்டத்துக்கு 700 மீட்டர் மேலே, அவ்வளவும் ஏறியாக வேண்டும். வழியில் ஜெரால்டைனிலோ ஃபேர்லியிலோ இறங்கி, பிள்ளைகளுக்குச் சூடாக ஒரு 'பை' (pie) பலகாரம் வாங்கிக் கொடுங்கள். 50 கிலோவாட் சார்ஜரில் 25 நிமிடம் போட்டால் 20 யூனிட் ஏறும். பேட்டரி குளிர்ந்து கிடந்தால் அதைவிடக் குறையும். 80 விழுக்காட்டைத் தாண்டியதும் வேகம் இறங்கிவிடும், அதற்குமேல் அங்கே நின்று பயனில்லை.

ஆனால் எல்லாரும் வேகச் சார்ஜர் எங்கே என்றுதான் வரைபடத்தைத் துழாவுகிறீர்கள். நான் முதலில் பார்ப்பது ராத்திரி தங்கும் இடத்தை. சுவரில் 7 கிலோவாட் சார்ஜர் இருந்தால் தூங்கி எழுவதற்குள் நிறைந்துவிடும். சாதாரண பிளக்கில் மணிக்கு 2 யூனிட்தான். விடிய விடியப் போட்டாலும் குளிரில் நூறு கிலோமீட்டருக்குத்தான் வரும். "சார்ஜ் வசதி உண்டு" என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் இரண்டில் எது என்று எழுதிக் கேளுங்கள். அறை முன்பதிவு செய்யும்போதே உங்கள் பயணம் பாதி முடிவாகிவிடுகிறது.

ஈசூனிலிருந்து: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம், சொந்தக் கார் இல்லை. இதுவரை சார்ஜரைத் தொட்டதே இல்லை.

பயப்படாதீர்கள். அங்கே வேகச் சார்ஜர் பலவற்றில் இரண்டு கேபிள் தொங்கும். மேலே வட்டம், கீழே இரண்டு தடித்த முனைகள் இருப்பது சிசிஎஸ்2. சிங்கப்பூரிலும் இதுதான், புதுக் கார்களுக்கு இதைத்தான் எடுக்க வேண்டும். பெரிய வட்டமாக இருப்பது சாடெமோ. ஜப்பானிலிருந்து பழைய நிசான் லீஃப் மின்கார்கள் நிறைய இறக்குமதியானதால் அது இன்னும் இருக்கிறது. கேபிள் கனமாக இருக்கும். ஒரு கையால் தாங்கிப் பிடித்து, 'டக்' என்று பூட்டும்வரை அழுத்துங்கள். கழற்றும்போது வரவில்லையென்றால் இழுக்காதீர்கள், முதலில் சார்ஜை நிறுத்திக் கார்ப் பூட்டைத் திறங்கள்.

சில மெது சார்ஜர்களில் வெறும் துளைதான் இருக்கும், கேபிள் நம்முடையது. காரை எடுக்கும்போதே பின்பெட்டியைத் திறந்து டைப் 2 கேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். சார்ஜ்நெட் என்ற நியூசிலாந்துச் சார்ஜர் நிறுவனத்தின் செயலியில், சாங்கி விமான நிலையத்திலிருந்து கிளம்புமுன் பதிந்து, கடன் அட்டையையும் சேர்த்துவிடுங்கள்.

பிடோக்கிலிருந்து: மில்ஃபர்ட் சவுண்டுக்குப் போய்வர முடியுமா?

தே அனா ஊரிலிருந்து போக 118 கிலோமீட்டர், திரும்ப அதே அளவு. நான் மேலே போட்ட குளிர்காலக் கணக்கில் போய்வரவே 52 யூனிட் வேண்டும். 60 யூனிட் காரில் இழுபறிதான், 40 யூனிட் லீஃபில் நினைத்துப் பார்க்கவே வேண்டாம். வழியில் பெரும்பகுதியில் கைப்பேசிக்கு அலைவரிசை கிடையாது. குளிர்காலத்தில் டயருக்குப் பனிச்சங்கிலி வேறு வைத்திருக்க வேண்டும். நானாக இருந்தால் அன்று மட்டும் சுற்றுலாப் பேருந்தில் ஏறி, காரைத் தே அனாவில் சார்ஜில் விட்டுவிடுவேன்.

சுவா சூ காங்கிலிருந்து, பணி ஓய்வு பெற்ற ஒருவர்: பெட்ரோலைவிட மிச்சமா?

நிச்சயமாக மிச்சம் என்று சொல்ல மாட்டேன் ஐயா. 2024 ஏப்ரல் 1 முதல் மின்கார்களுக்கும் அங்கே சாலைக் கட்டணம் உண்டு: 1,000 கிலோமீட்டருக்கு 76 நியூசிலாந்து வெள்ளி. பெட்ரோலுக்கு அந்த வரி விலையிலேயே அடங்கிவிடுகிறது. வாடகைப் பில்லில் இதைத் தனியாகச் சேர்க்கிறார்களா என்று கேளுங்கள். முழுக்க வேகச் சார்ஜரையே நம்பினால் மிச்சம் பெரிதாகத் தேறாது.

உட்லண்ட்ஸிலிருந்து: அவ்வளவு தூரம் வேண்டாம், கேஎல் (கோலாலம்பூர்) போதும்.

350 கிலோமீட்டர், அங்கும் சிசிஎஸ்2தான். சிங்கப்பூர்க் கார் எல்லை தாண்ட முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற விதி மின்காருக்கு இல்லை. மலேசியாவுக்குள் கொண்டுபோக வாடகை நிறுவனம் அனுமதிக்கிறதா, விஇபி எனும் மலேசிய வாகன நுழைவு அனுமதி இருக்கிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். தீபாவளி, சீனப் புத்தாண்டு நேரத்தில் நெடுஞ்சாலைச் சார்ஜர்களில் வரிசை நிற்கும்.

செங்காங்கிலிருந்து ஓர் அம்மா: ரைஸ் குக்கர் கொண்டுபோகிறோம். அறையில் காருக்கும் பிளக் போட்டால் தாங்குமா?

நியூசிலாந்தில் பிளக் முனை சாய்வாக இருக்கும் அக்கா, குக்கருக்கு அடாப்டர் வேண்டும். அந்த அடாப்டரில் கார்க் கேபிளை மட்டும் செருகிவிடாதீர்கள், உருகிப்போகும். நீட்டிப்பு வயரும் ஆகாது. ஹீட்டர், குக்கர், கார் மூன்றும் ஒரே சர்க்யூட்டில் ஓடினால் ஃபியூஸ் போகும். முதலில் சோற்றை வடித்துவிடுங்கள், சாப்பிட்டுப் படுக்கப் போகும்போது காரைச் செருகுங்கள்.