காட்டுக்குக் கத்தி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: காட்டுத் திறன்களைப் பழகத் தொடங்கியிருக்கிறேன். முதல் கத்தியாக எதை வாங்கலாம்? முதுகில் ரம்பப் பல் வைத்த பெரிய கத்தி உதவுமா?

பதில்: உதவாது. அந்தப் பற்கள் மரத்தை ஒழுங்காக அறுப்பதில்லை என்பதோடு, கட்டைவிரலை முதுகில் ஊன்றிச் சீவும்போதும், முதுகில் கட்டையால் தட்டி விறகைப் பிளக்கும்போதும் இடைஞ்சலாகவே இருக்கும். மடங்காத, ஏறத்தாழ 10 செ.மீ. நீள அலகும் 3 மி.மீ. தடிமனும் கொண்ட, பிடியின் கடைசி வரை இரும்பு ஓடும் எளிய கத்தியே புதியவருக்குப் பொருத்தமானது. ஸ்வீடனின் மோரா என்னும் ஊரில் செய்யப்படும் மலிவான கத்திகளைப் பலரும் பரிந்துரைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவற்றுள் விலை குறைந்த மாதிரிகளில் இரும்பு பிடியின் முழு நீளத்துக்கும் செல்வதில்லை. ஆகையால் அவற்றைச் சீவுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், தடித்த கட்டையைப் பிளக்க வேண்டாம்.

கேள்வி: கொல்லுப்பட்டறையில் அடித்த நல்ல அரிவாள் வீட்டில் இருக்கும்போது தனியே கத்தி எதற்கு?

பதில்: புதரை ஒதுக்குவதிலும் கிளையை வெட்டுவதிலும் சிறு கத்தி அரிவாளுக்கு ஈடாகாது. கூடாரத்துக்கு முளைக்குச்சி சீவுவது, மழையில் நனைந்த விறகைப் பிளந்து அதன் காய்ந்த உட்பகுதியைச் சுருள் சுருளாகச் செதுக்குவது போன்ற வேலைகளுக்கோ அரிவாளின் எடையே தொல்லையாகும். தோட்டத்துக்கு அரிவாள், முதுகுப்பைக்குக் கத்தி என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கத்தியைத் தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?

பதில்: காய் நறுக்கும் கத்தியைக் கொடுங்கள், இதைக் கொடுக்க வேண்டாம். வேகமாகச் சுழலும் சாணைச் சக்கரத்தில் மெல்லிய விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்துவிட்டால், அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விடும். பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. சொரசொரப்பைக் குறிக்கும் எண் 1000 என்று உள்ள நீர்க்கல் (நீரில் நனைத்துத் தீட்டும் கல்) ஒன்றை நனைத்து வைத்து, விளிம்பின் சரிவு முழுவதும் கல்லில் படியுமாறு கத்தியைக் கிடத்தி, மறுபுறத்தில் மெல்லிய பிசிறு எழும் வரை ஒரே பக்கத்தைத் தீட்டுங்கள். அந்தப் பிசிறை விளிம்புக்குக் குறுக்காகத் தடவிப் பார்க்க வேண்டும். நெடுக்காகத் தடவினால் விரல் அறுபடும். அடியிலிருந்து நுனிவரை பிசிறு விடாமல் தட்டுப்பட்ட பின்னரே பக்கத்தை மாற்றுங்கள். பொறுமையிழந்து இடையில் மாற்றுவதுதான், தீட்டியும் கூர் வரவில்லை என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம். கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டின்மீது, விளிம்பு பின்தொடருமாறு சில முறை இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும்.

கேள்வி: கார்பன் எஃகா, துருப்பிடிக்காத எஃகா?

பதில்: மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் நடப்பவருக்குத் துருப்பிடிக்காததே நல்லது. கார்பன் எஃகை விரும்புபவர், வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் பூச வேண்டும்; தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதால் அதிலேயே செருகி வைக்கக் கூடாது.

கேள்வி: முதுமலை, களக்காடு போன்ற இடங்களுக்குக் கத்தியோடு போகலாமா? சிறிதாகத் தீ மூட்டினால் என்ன?

பதில்: 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் ஆயுதம் என்பதற்குள் கத்தியும் அடங்கும், உரிய அனுமதியின்றி ஆயுதத்துடன் சரணாலயத்துக்குள் நுழைவதை அதன் 31ஆம் பிரிவும், சரணாலயத்துக்குக் கேடு வரும் வகையில் தீ மூட்டுவதை 30ஆம் பிரிவும் தடுக்கின்றன. சட்டம் கிடக்கட்டும், 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நினைத்துப் பாருங்கள். காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீ மேல்நோக்கி ஏறும்போது, அதை முந்தி மனிதர் ஏறுவது மிக அரிது. கத்தி வேலையையும் தீ மூட்டுவதையும் சொந்தத் தோப்பிலோ, உரிமையாளர் சம்மதித்த நிலத்திலோ, பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் வைத்துக்கொண்டு பழகுங்கள்.

கேள்வி: ஓடை நீரை வேட்டித் துணியில் வடிகட்டிக் குடிக்கலாமா?

பதில்: துணியில் மண்ணும் தூசும் தங்கும், கிருமிகள் தங்கா. தளதளவென்று கொதி வந்த பின் ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள்; உதகை, கொடைக்கானல் போல 2000 மீட்டருக்கு மேற்பட்ட உயரங்களில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால் மூன்று நிமிடம் வேண்டும். தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே வரும் ஓடையைத் தொடாதீர்கள்; பூச்சிமருந்து கொதிக்க வைத்தாலும் போகாது.

கேள்வி: வழி தவறிவிட்டால்?

பதில்: நின்றுவிடுங்கள். தேடுபவர்கள் உங்களைக் கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்துதான் தொடங்குவார்கள். விசிலை மும்மூன்று முறையாக, இடைவெளி விட்டு ஊதுங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டிருந்தால் தேடலும் சீக்கிரமே தொடங்கும்.

கேள்வி: பாம்பு கடித்த இடத்தைக் கத்தியால் கீறி நஞ்சை எடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது ஆகிய மூன்றுமே கேடு செய்யும். கத்திக்கு இங்கே ஒரே வேலைதான்: கால் அசையாதிருக்க அணைவாக வைத்துக் கட்டும் கழியை வெட்டுவது. மோதிரம், கொலுசு போன்றவற்றைக் கழற்றி, கால் அசையாதபடி கழியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, நடக்க விடாமல் தூக்கிச் சென்று 108 வண்டியில் ஏற்றுங்கள். நம் மருத்துவமனைகளில் உள்ள நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை முறிக்கத் தயாரிக்கப்படுவது. மலைக்காடுகளின் குழிவிரியன்கள் அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே எந்தப் பாம்பு என்று தெரிவது மருத்துவருக்கு உதவும். அதற்காகப் பாம்பை அடிக்கப் போய் இன்னொருவர் கடி வாங்க வேண்டாம். எட்ட நின்று கைபேசியில் படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் விட்டுவிட்டுப் புறப்படுங்கள்.