காலாவதியான மாத்திரைகளை டாய்லெட்டில் போடலாமா?

பெங்களூரில் வீடு, பழைய மாத்திரைகளை ஃப்ளஷ் செய்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

நம் சுத்திகரிப்பு நிலையங்கள் மருந்தைப் பிரித்தெடுக்கக் கட்டப்பட்டவை அல்ல. வலிப்புக்குத் தரும் கார்பமசபைன் பெரும்பாலும் அப்படியே தாண்டி வந்துவிடும். அப்புறம் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள், அங்கிருந்து தென்பெண்ணை, கடைசியில் ஓசூர் கெலவரப்பள்ளி அணை. அங்கே பொங்கும் சோப்பு நுரையைப் பார்த்திருப்பீர்கள். நம் விவசாயிகள் பயிருக்குப் பாய்ச்சுவது அந்தத் தண்ணீரைத்தான்.

சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் உடம்பில் சிதையாமல் சிறுநீரில் போய்விடும், அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. மிச்சமாகும் அட்டையையாவது தடுக்கலாமே! தாளில் சுற்றி, ஈரக் குப்பையில் சேர்க்காமல் தனியாகக் கொடுங்கள். 2016 திடக்கழிவு விதிகளிலேயே காலாவதி மருந்தை வீட்டு அபாயக் கழிவாகச் சேர்த்திருந்தார்கள்.

ஃபென்டனில் போன்ற கடும் வலிநிவாரணிகள் மட்டும் விதிவிலக்கு. ஃப்ளஷ் செய்யச் சொல்லி லேபிளில் இருந்தால் செய்துவிடுங்கள், குழந்தை கையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.